அடுக்குச் செம்பருத்தி

மகரந்தப் பை உருவாவதை மொட்டுக்குள்தான் பார்க்க முடியும். மொட்டு கொஞ்சம் பெருத்துவிட்டால் உள்ளே எல்லாம் முடிந்து மகரந்தமாகியிருக்கும். சின்னதாக இருந்தால் எதுவுமே தொடங்கியிருக்காது. சரியான அளவைக் கண்டுபிடிப்பதற்குள் ஆராய்ச்சி மாணவி ஆன்சிக்கு ஒரு மழைக்காலமே போய்விட்டது. எல்லா மொட்டும் ஒரே செடியிலிருந்து வர வேண்டும் என்று கைடு வேறு கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் பாலக்கரையிலிருந்து தூங்கி வழிந்துகொண்டே பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் வள்ளிக்கண்ணு வீட்டு வேலியோரச் செம்பருத்திக்கு வந்துகொண்டிருந்தாள். போன வாரம்தான் அளவு பிடிபட்டது.

இன்று அந்தச் செடி இல்லை. அதே இடத்தில் புதுச் செடி ஒன்று கொத்துக் கொத்தான இதழ்களோடு பூத்து நின்றது.

“ஒத்தைப் பூவுக்குப் போய் இவ்வளவு தூரம் அலையுறீங்களேன்னு மனசே கேக்கல. அதான் அதை வெட்டிட்டு நர்சரியில அடுக்கு வாங்கி வச்சேன். உங்களுக்காகத்தாங்க,” என்றாள் வள்ளிக்கண்ணு.

ஆன்சி ஒரு மொட்டைக் கிள்ளிப் பிளந்தாள். மகரந்தப் பைகள் இருக்க வேண்டிய இடத்தில் குட்டி இதழ்கள் மடங்கிக் கிடந்தன. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழ்களாகிவிடும். தெரிந்ததுதான். தெரிந்தும் பிளந்து பார்த்தாள்.

“நல்லாயிருக்கா?”

“நல்லாயிருக்குங்க.”

வள்ளிக்கண்ணு நகராமல் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆன்சி பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு மொட்டாக அளந்து பறிக்கத் தொடங்கினாள்.