செல்லிக்கு நான் எழுதாத முடிவு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. போன வருடம் திருப்பத்தூரில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில் காத்திருந்தபோது செல்லி சொன்னது. "எழுதுங்கக்கா, பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். நான் அங்கே எதற்குப் போனேன் என்கிறீர்களா? அவள் போன அதே காரணத்துக்குத்தான்.

2

'ஜவ்வாது மலையில் பனி இறங்கிய ஒரு காலையில்...'

(வேண்டாம். அவள் பனியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.)

செல்லிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். கணவன் சேட்டு ஜமுனாமரத்தூரில் ஜீப் ஓட்டுகிறான். மாமியார் மங்கம்மாள் வேண்டாத சாமியில்லை, அரைத்துக் கொடுக்காத மருந்தில்லை. எல்லாம் செல்லிக்கு மட்டும். செல்லி ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். குறை எதுவும் தெரியவில்லை.

"உங்க வூட்டுக்காரரையும் கூட்டினு வாங்க" என்றார் டாக்டரம்மா. சேட்டு நாளைக் கடத்திக்கொண்டே இருந்தான்.

(இந்த இடத்தில் அவனைக் கல்நெஞ்சக்காரனாக எழுதியிருந்தேன். போனில் படித்துக் காட்டியதும் செல்லி மறுத்தாள்: "அப்டிலாம் இல்லக்கா. பயந்துட்டாரு.")

3

கடைசியில் வந்தான். அவனுக்கு உயிரணுக்கள் மிகக் குறைவு. விதைப்பையில் ரத்த நாளங்கள் வீங்கியிருந்தன. டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். சின்ன ஆபரேஷன் செய்து பார்க்கலாம். எண்ணிக்கை ஏறினால் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தலாம். அதுவும் பலிக்காவிட்டால் கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கலாம்.

"எதுவும் நிச்சயம்னு சொல்லமாட்டேன். ஆனா வழி இருக்கு."

4

மறுவாரம் நாத்தனார் தமிழரசியின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். செல்லி குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். மங்கம்மாள் தடுத்தாள்.

"நீ இரு. புள்ள பெத்தவங்க மொதல்ல வாங்கட்டும்."

அப்போது சேட்டு

(கத்தினான் என்றால் பொய். அழுதான் என்றாலும் பொய்.)

பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தான்.

"யம்மா, கொறை அவகிட்ட இல்ல. என்கிட்டதான். டாக்டர் பாத்து சொல்லிட்டாங்க."

"இன்னாடா, இத்தினி பேர் எதிர்ல?"

"இத்தினி பேர் எதிர்லதானே நீ அவள சொன்ன?"

தமிழரசி எழுந்து வந்து குழந்தையைச் செல்லியின் மடியில் கிடத்தினாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. செல்லி அன்றைக்குத்தான் எல்லார் முன்னாலும் அழுதாளாம்.

5

ஆபரேஷன் முடிந்தது. எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது. விந்தைக் கருப்பைக்குள் செலுத்தியும் ஆயிற்று. இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வரும். மறுபடி இங்கே சந்தித்திருக்கிறோம்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே வருவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். செல்லியும் சேட்டுவும் பேசாமல் பஸ் ஏறுவதாக இன்னொன்று. இரண்டையும் செல்லியிடம் சொல்லவில்லை. சேட்டு அவள் காலடியில் குனிந்து, அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருக்கிறான்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

"போய்ட்டு வாங்கக்கா" என்று செல்லி என் கையை அழுத்துகிறாள்.

நான் உள்ளே போகவேண்டும். அவள் பக்கத்தில் இப்போது இடம் இருக்கிறது. முடிவு வரும்வரை கொஞ்சம் உட்காருங்களேன்.