துண்டுக்குள் சொன்ன விலை

கல்லுக்கு மதிப்புப் போட வந்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாகையாவின் வலது கைமேல் விரித்தார். தன் கையையும் உள்ளே நுழைத்தார். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற வெங்கடம்மாள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு அசைந்தது. "சின்னக் கணக்கு" என்றார் வந்தவர். நாகையா தலையை ஆட்டினார். துண்டு மறுபடி அசைந்தது. நாகையா மறுபடி ஆட்டினார், இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே.

பிறகு வந்தவர் பேனாவைத் திறந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட வந்திருந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஐயாத்துரை அதை வாங்கிப் படித்துவிட்டு, "மூவாயிரம்! தங்கச்சி, நீங்க யோகக்காரிதான்" என்றார். காப்பி குடித்துவிட்டு இருவரும் விருதுநகர் பஸ்ஸுக்குப் போனார்கள்.

பாயின்மேல் வெள்ளைத் துணியில் ஒன்பது கற்கள் கிடந்தன. ஐந்து சிவப்பு, மூன்று நீலம், ஒரு பச்சை. யுத்தம் வந்து, போன வருஷம் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியபோது, வெங்கடம்மாளின் சேலைத் தலைப்பு மடிப்புக்குள் தைத்து வந்தவை. அங்கே பன்னிரண்டு வருஷம் அவள் தலைச்சுமையாகச் சேலை விற்றாள். மிச்சம் பிடித்த காசுக்கு ஒவ்வொன்றாக வாங்கினாள். அவள் அப்பா சாயக்காரர். சிவப்பில் எத்தனை சிவப்பு உண்டு என்பது எழுத்துக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண்ணை நம்பித்தான் வாங்கினாள். வேறு சாட்சி எதுவும் கிடையாது. சண்டை முடிந்ததும் விற்றுச் சொந்தமாக இரண்டு தறி போடவேண்டும் என்பது எண்ணம். அதற்குள் போன மாதம் இரண்டு வீடு தள்ளிக் கன்னம் வைத்துத் திருடிவிட்டார்கள். இன்ஷூர் செய்துவிடலாம், கல் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் மதிப்பு எழுதித் தந்தால் போதும் என்று ஐயாத்துரை சொன்னது அப்போதுதான்.

"துண்டுக்குள்ள எவ்வளவு சொன்னாரு?" என்று கேட்டாள்.

"அதெல்லாம்… நல்ல விலைதான்" என்றபடி நாகையா காது மடலைத் தேய்த்தார்.

இருபது வருஷமாக அந்தக் காதை அவளுக்குத் தெரியும். தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டும்போதெல்லாம் அது சிவக்கும். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது தெலுங்கு. வெங்கடம்மாள் கோபம் வந்தால் மட்டும், வெளியாளிடம் பேசுவதுபோலத் தமிழுக்கு மாறிவிடுவாள்.

"மெய்யாச் சொல்லுங்க. எத்தன?"

"விரலைப் பிடிச்சாரு. நான் என்னத்தக் கண்டேன்? பெரிய மனுசங்க முன்னால தெரியாதுன்னா சொல்லமுடியும்?"

"எந்த விரலு? என் கையில பிடிச்சுக் காட்டுங்க."

நாகையா வெட்கத்தோடு அவள் கையைப் பிடித்தார். மூன்று விரல். அப்புறம் உள்ளங்கையில் நகத்தால் ஒரு கீறல். கடைசியில் கட்டைவிரலை ஓர் அழுத்து அழுத்தினார்.

வெங்கடம்மாள் தன் கையை, கலைந்துவிடக் கூடாத ஒரு பொருளைப்போல ஏந்திக்கொண்டு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு முத்துத்தாயிடம் போனாள். முத்துத்தாயின் புருஷன் கருத்தப்பாண்டி மாட்டுத் தரகர்; சந்தையில் அவர் விலை பேசுவதும் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான். கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் விவரத்தைக் கேட்டுவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தார்.

"சின்னக் கணக்குன்னா நூறு. மூணு வெரலு முன்னூறு. கீறுனா அம்பது. கட்டவெரல அமுக்குனா, 'குடுக்குறியா'ன்னு கேக்குறது. அதுக்கு இவுக என்ன செஞ்சாக?"

"தலைய ஆட்டுனாக."

"ஆத்தாடி!" என்றாள் முத்துத்தாய். "அப்ப ஒங்க கல்லு வெலபோயிருச்சுல்ல, யக்கா!"

கருத்தப்பாண்டி சிரிக்கவில்லை. "சந்தையில தலைய ஆட்டுனா ஆட்டுனதுதான். நாளைக்கு வருவான் பாருங்க."

வீடு திரும்பிய வெங்கடம்மாளுக்குப் பயம் வரவில்லை என்பது அவளுக்கே வியப்பாயிருந்தது. பர்மாவிலிருந்து வந்த மலைப்பாதையில், பக்கத்தில் நடந்தவர்கள் விழ விழ நடந்து வந்தவள் அவள். முன்னூற்றைம்பதுக்குப் பயப்படுவதா? ஆனால் ஒன்று குடைந்தது. முன்னூற்றைம்பது என்றும் அந்த ஆள்தான் சொன்னார், மூவாயிரம் என்றும் அவர்தான் எழுதினார். இரண்டில் எது அவளுடைய பன்னிரண்டு வருஷம்? அவள் கண் ஏமாந்ததா, இல்லையா? கல் பத்திரமாக இருந்தும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது, களவு கொடுத்தது போலவே இருந்தது.

மறுநாள் காலையில் மதிப்புக்காரரும் ஐயாத்துரையும் வந்துவிட்டார்கள். வந்ததும் மதிப்புக்காரர் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்துப் பாயில் வைத்தார்.

"நேத்தே பேசி முடிஞ்சது. கல்ல எடுத்துவச்சா நான் கெளம்பிருவேன்."

நாகையாவின் காது குங்குமமாயிற்று. வாசலில் கருத்தப்பாண்டி வந்து உட்கார்ந்திருந்தார், வேடிக்கை பார்ப்பவர் மாதிரி. வெங்கடம்மாள் உள்ளே போய்த் தாளை எடுத்துவந்தாள்.

"இந்தக் கையெழுத்து ஒங்களுதுதான?"

"ஆமா."

"இதுல மூவாயிரம்னு இருக்கு. எனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும். மூவாயிரத்த வச்சிட்டு எடுத்துட்டுப் போங்க. இவுக தலையாட்டுனதுக்கு நான் குறுக்க நிக்கல."

"அது கம்பெனிக்கு எழுதுனதும்மா."

"கம்பெனிக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா? ஒரே கல்லுதானங்க?"

கருத்தப்பாண்டி வாசலிலிருந்து, "ஏலே நாகையா, ஒன் தலையாட்டுக்கு இன்னைக்குத்தான்டா நல்ல வெல கெடச்சிருக்கு!" என்றார்.

மதிப்புக்காரர் பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தவர், செருப்பை மாட்டியபடியே போய்விட்டார்.

ஐயாத்துரை மட்டும் நின்றார். "தங்கச்சி, நான் சொல்றதக் கேளுங்க. அந்தாளு போகட்டும். தாளு கையில இருக்குல்ல? அதவச்சே மூவாயிரத்துக்கு இன்ஷூர் போட்டுருவோம். எனக்குக் கமிஷன், உங்களுக்கு லாபந்தான?"

அவள் ஒரு கணம் யோசிக்காமலில்லை. கல் களவுபோனால் கிடைக்கும் மூவாயிரத்துக்கு இரண்டு தறி அல்ல, எட்டுத் தறி போடலாம். பிறகு தன்னையே பார்த்தாள்: தினமும் கல்லைக் காப்பதோடு அந்தப் பொய்யையும் காத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். திருடன் வரமாட்டானா என்றுகூட ஒருநாள் அவள் நினைக்கலாம். வெங்கடம்மாள் தாளை அடுப்பில் போட்டாள்.

"மதிப்புச் சொல்ல, கல்லு விக்காத வாங்காத ஆளு யாராச்சும் இருக்காகளா?" என்று கருத்தப்பாண்டியிடம் கேட்டாள்.

"அப்பிடிக் கேளுங்க. மாட்டுக்குப் பல்லுப் பாக்க, மாடு வாங்குறவனக் கூப்பிட்டா அவன் வயசக் கூட்டித்தான் சொல்லுவான். திருச்சுழியில பால்ச்சாமின்னு ஒருத்தரு. கல்லுப் பதிக்கிறவரு. பாகப்பிரிவினை வழக்குல நகைக்கு மதிப்புப் போட கோர்ட்டுலயே அவரத்தான் கூப்பிடுவாக. ஒரு கல்லு வாங்குனதில்ல."

"கோர்ட்டுல ஒத்துக்கிற கையெழுத்துன்னா கம்பெனியும் ஒத்துக்கும்" என்று ஐயாத்துரையும் முனகினார்.

வெங்கடம்மாளும் நாகையாவும் ஐயாத்துரையும், பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் போனார்கள். மேட்டில் பஸ் ஏற மறுத்தபோது ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் பருத்திக் காடு காய்ந்து கிடந்தது.

பால்ச்சாமியின் பட்டறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கற்களை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார், தண்ணீரில் போட்டுப் பார்த்தார். நேரம் ஆயிற்று. சிவப்பில் பெரியதை மட்டும் தனியே ஒதுக்கினார். அதுதான் அவள் இரண்டு வருஷச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியது.

"இது கெம்பு இல்லம்மா. அதுகூடவே வெளையுற வேற கல்லு. நெறம் அசலா இருக்கும், வெல இருக்காது. மத்த எட்டும் சுத்தம். யாரு தேடி எடுத்ததோ, நல்ல கண்ணு."

வெங்கடம்மாளுக்குச் சுருக்கென்றது. உடனேயே, தைத்த இடத்தில் ஏதோ லேசாயிற்று. ஒன்பதில் எட்டு. தவறியது எது என்றுகூடத் தெரிந்துவிட்டது.

பால்ச்சாமி துண்டை எடுத்தார்.

"வாயால சொல்லுங்களேன்" என்றாள்.

அவர் சுற்றி இருந்தவர்களைக் கண்ணால் காட்டினார். "இத்தன பேருக்கு நடுவுல சொன்னா, நீங்க வீடு போய்ச் சேர வேண்டாமா? துண்டு அதுக்குத்தான்."

அது நியாயம். அந்நிய ஆணின் கையைப் பிடிக்க அவளால் முடியாது. நாகையாவின் தலையாட்டலை நம்பவும் முடியாது. வெங்கடம்மாள் போய்க் கணவனின் இடப்பக்கம் உட்கார்ந்து, தன் கையையும் துண்டுக்குள் விட்டாள்.

"அவரு வலக்கையில பிடிக்கிறத, நீங்க இடக்கையால எனக்குப் பிடிங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

யாரோ சிரித்தார்கள். நாகையா சிரிக்கவில்லை. நாலு பேர் முன்னால் அவர் அவள் கையைத் தொட்டதே கிடையாது. விரல்கள் நூல் பிசகாமல் இழை கோர்ப்பவைபோல நகர்ந்தன.

"பெரிய கணக்கு" என்றார் பால்ச்சாமி. அவள் ஆள்காட்டி விரல் பிடிபட்டது. "சின்னக் கணக்கு." இரண்டு விரல்.

ஆயிரத்து இருநூறு.

"எழுதுங்க" என்றாள்.

அவர் எழுதினார். ஒதுக்கிய கல்லுக்கும் தனி வரி எழுதினார், ஒளிக்கவில்லை. தாள் நாகையாவைத் தாண்டி நேராக அவளிடம் வந்தது. இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒன்று, இரண்டு, சைபர், சைபர். கையிலிருந்த விலையும் தாளிலிருந்த விலையும் ஒன்றே.

இப்போது தலையாட்டியது அவள். தாளை ஐயாத்துரையிடம் நீட்டும்போதுதான் தெரிந்தது, வலக்கையால் நீட்டமுடியவில்லை. அது இன்னும் துண்டுக்குள் இருந்தது, நாகையா பிடித்திருந்த இரண்டு விரலோடு.