இளகிய கஞ்சி

காகித ஆலையில் அவருக்குக் கஞ்சிக்காரர் என்றுதான் பெயர். தாள் விறைப்பாக நிற்கவும், மை ஊறிப் பரவாமல் இருக்கவும் பூசுகிற சோளமாவுக் கஞ்சியைக் காய்ச்சுவது அவர் வேலை. பதம் தப்பினால் மிஷின் ஆட்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர் திட்டு வாங்கியதாகச் சரித்திரமே இல்லை.

மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. தண்ணீர் குடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும், எதையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மனுஷன் பாதி பயத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டார். கஞ்சி காய்ச்ச அவருக்கா சொல்லித்தர வேண்டும்?

"தினமும் இதையே ஊட்டி என்னையும் பேப்பரா ஆக்கிடப் போறீங்க" என்று கோணிய வாயால் சிரிப்பாள்.

"ஆக்கினா நல்ல பேப்பராத்தான் ஆக்குவேன். வாயத் திற."

கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பூனாகப் பொறுமையாக ஊட்டுவார். ஒன்றுதான் இடித்தது. கடைசிக் கால் கோப்பை எப்போதும் நீர்த்துப் போயிருக்கும். வயசாகிறது, கைப்பக்குவம் போகிறது என்று தன்னையே நொந்துகொண்டு அடுத்த முறை மாவைக் கூட்டிப் போடுவார். அப்படியும் இளகியது. ஒரு நாள் கடைசி வாய் புரையேறியது. இருமல் நிற்கவில்லை. காய்ச்சல் வந்து, நுரையீரலில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஆலையைச் சுற்றிப் பார்க்கச் சிலர் வந்தார்கள். வெந்த கஞ்சி களி மாதிரி கிடந்தது. அது இளகினால்தான் தாளில் பூச முடியும். அவர் தொட்டியில் என்சைமை ஊற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கஞ்சி இளகி ஓடியது.

"அதுல என்னங்க ஊத்தினீங்க?" என்றாள் வந்தவர்களில் ஒரு பெண்.

"மாயமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நம்ம எச்சில்ல இருக்கிற சரக்குதான். சோத்த மென்னுக்கிட்டே இருந்தா இனிக்குமில்ல, அது..."

வருகிறவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காக ஒப்பித்த பேச்சு. பாதியில் நின்றுவிட்டது. மனைவியின் வாயிலிருந்து கோப்பைக்கு, கோப்பையிலிருந்து வாய்க்கு, அதே ஸ்பூன். அவள் எச்சிலைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கஞ்சியில் கலந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சொன்னது வீட்டில் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லையே.

சாயந்திரம் மகள் வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்கப்பா. அம்மாவ ஒரு குறையும் வைக்காமத்தானே பாத்துக்கிட்டீங்க. எனக்கு இருக்கிற ஆறுதலே அது ஒண்ணுதான்."

அவர் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தார். அவள் கண்களைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.