பாதி மாடி பச்சை

மொட்டைமாடியில் பாதிக்குமேல் செடி வளர்த்து ஊர்ச் சூட்டைத் தணிக்கும் வீடுகளுக்கு வரித் தள்ளுபடி உண்டு என்று நகராட்சி அறிவித்ததும், சலவைக்கடைக்காரி தன் மாடியைத் தோட்டமாக்கினாள். அதன்பின், கீழே இஸ்திரி அறையில் நண்பகலிலும் மூச்சுவிட முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் அவளுடைய அண்ணனுக்கும் பங்கு இருந்தது. தள்ளுபடி கிடைக்காவிட்டால் செடிகளை அகற்றிவிட்டு, தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு விடுவதாக அவர் தீர்மானித்திருந்தார்.

பசுமையை அளக்கப் பறக்கும் கேமரா வரவிருந்த காலையில் அவரே மாடியேறி வந்தார். வந்ததும் சிரித்தார்.

"தோட்டம் எங்கே தங்கச்சி? பனி பெய்ஞ்ச மாதிரி இருக்கு."

தொழில் பழக்கம் விடவில்லை. அவள் கணவன், விடுதியின் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து, பாத்திகளுக்கு மேலிருந்த கயிறுகளில் வரிசையாகக் காயப்போட்டிருந்தான். வானத்திலிருந்து பார்த்தால் ஓர் இலையும் தெரியாது.

"இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று அவள் கணவனிடம் கேட்டாள்.

"நல்ல வெயில் நாள்," என்றவன், அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்த தெருவின்மேல் வண்டு போல ரீங்காரம் எழுந்தது.

"கழட்டுங்க, சீக்கிரம்."

"தரையில போட்டா அழுக்காயிடும். மதியம் விடுதிக்குக் கொடுத்தாகணுமே."

"சுவருக்கு வெளியே தொங்கவிடலாம். அண்ணா, வேடிக்கை பார்த்தது போதும், அந்த முனையைப் பிடிங்க."

தங்கையின் அதட்டலுக்கு அண்ணனின் கைகள் தாமாகவே பணிந்தன. மூவரும் ஓடினார்கள், மோதிக்கொண்டார்கள், மறுபடி ஓடினார்கள். கடைசி விரிப்பு சுவரைத் தாண்டியபோது ரீங்காரம் பக்கத்து வீட்டை எட்டியிருந்தது.

"மச்சான், பாதிங்கிறதே இங்க இழுபறி. உங்க வெள்ளைச் சட்டை வேற. அந்த அவரைக்காய்ப் பந்தலுக்குள்ள நுழைஞ்சுடுங்க."

"நான் என்ன ஆடா?"

"ஆடா இருந்தா விடுவோமா? இலை மிஞ்சாதே."

பெரிய உடம்பைச் சுருட்டிக்கொண்டு அவர் பந்தலுக்குள் குந்தினார். கணவனும் மனைவியும் படிக்கட்டில் ஒடுங்கினார்கள். கேமரா மாடிக்கு நேர்மேலே நின்று, யோசிப்பது போல் ஒருமுறை வட்டமிட்டு, நகர்ந்து சென்றது.

சற்று நேரத்தில் அவள் கைபேசி சிணுங்கியது. படித்ததும் அவள் மாடிக்கு ஓடிவந்தாள்.

"பாதிக்கு மேலதானாம். தள்ளுபடி உண்டு. அண்ணா, வெளியே வாங்க."

பந்தலுக்குள்ளிருந்து பதில் மெதுவாக வந்தது.

"கொட்டகை போட நான் வரச்சொன்ன தகரக்காரன் இப்போ வருவான். நீயே பேசி அனுப்பிடு. இங்க குளுகுளுன்னு இருக்கு."