சுவர் இருந்த இடம்

“மெல்ல, மெல்ல… தலைப்பக்கத்தைத் திருப்புங்கோ!”

சவப்பெட்டி திரும்பவில்லை. வாசலுக்கு முன்னால் வளைந்து நின்ற மண்கல் சுவரில் அதன் மூலை மறுபடியும் இடித்தது. பேணாட் தன் வீட்டு வாசலில், நான்கு பேரின் கைகளில், காத்திருந்தார்.

அந்தச் சுவரை வரைந்தவள் அவருடைய மகள் கிறிஸ்டின். இறக்கக்கண்டிக் கடற்கரையில் மீனவருக்காகக் கட்டிய வீடுகளுக்கெல்லாம் அவள்தான் கட்டடக்கலைஞர். உப்பேறிய வாடைக்காற்று கூடத்துக்குள் பாயாமல் விலகிப் போவதற்கு, கணினியில் காற்றை ஓடவிட்டு ஓடவிட்டு அந்த வளைவைக் கண்டுபிடித்தாள். சக்கர நாற்காலி திரும்புமா என்றுகூடப் பார்த்தாள். அலுமாரி வந்தபோது நிமிர்த்திக் கொண்டுபோனார்கள். அப்பாவை நிமிர்த்த முடியாது.

“கொம்பியூட்டர் இதைச் சொல்லேல்லையோ?” என்றார் பெரியப்பா இராசையா.

“பின்னால குசினிப் பக்கத்தால கொண்டு போவமா?” என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

“அது இன்னும் ஒடுக்கம்.”

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். “பரவாயில்ல, வெளி முத்தத்திலயே வைப்பம். பந்தல் இருக்குத்தானே.”

காலையில் கூடத்தைக் கழுவி, மாதா படத்துக்குக் கீழே வெள்ளைச் சேலை விரித்தவள் அம்மாதான். ஓர் இரவாவது அவர் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று கேட்டவளும் அவள்தான்.

“இல்லையம்மா. சுவரை உடைப்பம்,” என்றாள் கிறிஸ்டின்.

பக்கத்து வீட்டு ஜெமீல் அலவாங்குக் கம்பியோடு வந்தார். அவர் வாசலிலும் இதே சுவர். உள்ளே அவருடைய உம்மா படுத்த படுக்கை. கிறிஸ்டினால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“உங்கட சுவரையும் மாத்தித் தாறன், அங்கிள்.”

“அது பிறகு, மகள். முதல்ல அண்ணன் உள்ள போகட்டும்.”

ஒருவன் சம்மட்டியை ஓங்கினான். ஜெமீல் அவன் கையைப் பிடித்தார்.

“இடிக்காத! இதில ஒரு ஆணி அடிக்கக்கூட அந்த மனிசன் விடேல்ல. வாற ஆக்களையெல்லாம் இதுக்குப் பின்னால நிப்பாட்டி, ‘காத்து வருதா பாரும், என்ர மகள்ற வேலை’ எண்டு ஒரே கதை.”

சீமெந்து சேராத சுண்ணாம்புச் சாந்து. கற்கள் அலவாங்கு நுனிக்கு மெல்லக் கழன்றன. கை மாற்றி, வேலியோரம் அடுக்கினார்கள். அதுவரை பெட்டியை யாரும் நிலத்தில் வைக்கவில்லை. ஆள் மாறி ஆள் தாங்கினார்கள். இராசையாவும் ஒரு மூலையைப் பிடித்தார்.

அப்பா வீட்டுக்குள் வந்தார்.

வாடைக்காற்றும் வந்தது. தலைமாட்டு மெழுகுதிரி, அம்மா ஏற்ற ஏற்ற அணைந்தது. கிறிஸ்டின் இரு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு முழங்காலில் நின்றாள்.

ஜெமீலின் மனைவி நஜ்முன் நிஸா முக்காட்டைச் சரிசெய்தார். சுவர் இருந்த இடத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருத்தி வந்து அமர்ந்தாள். பிறகு இன்னும் சிலர், நெருக்கமாக, வளைவாக.

செபமாலை தொடங்கியது. கிறிஸ்டின் மெல்லக் கைகளை எடுத்தாள்.

சுடர் அசையாமல் நின்றது.