இரண்டாவது கியர்

நாற்பதைத் தாண்டினால் காதைத் திருகாத குறையாகத் திட்டுகிற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், காலியான ரோட்டைக் கண்டதும் தொண்ணூறில் பறந்து கேமராவில் மாட்டிக்கொண்டார். தலைபோகிற அவசரமா என்றால், ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அபராதம் கட்டித் தொலைத்துவிடலாம். ஆனால் குற்றம் பதிவானால் சொல்லிக்கொடுக்கிற உரிமமே பறிபோகும். பழகுகிறவர் ஓட்டியது என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

அதனால் தன்னிடம் புதிதாகப் பழக வந்த தையல்கடை அக்காவைப் பிடித்தார். "நான்தான் ஓட்டினேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா" என்று கேட்கும்போது அவருக்கே நாக்கு கூசியது. கூசியும் கேட்டார். அக்கா யோசிக்கவேயில்லை. பழகும்போது எத்தனை தடவை வண்டியை ஆஃப் பண்ணிவிட்டாலும் முகம் சுளிக்காதவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றார்.

கோர்ட்டில் அக்கா கணீரென்று சொன்னார். மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்த கியரில் ஓட்டினீர்கள் என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட்.

"ரெண்டாவதுல சார். மாஸ்டர் ரொம்ப கவனமானவர். மூணாவது இன்னும் எனக்குச் சொல்லியே குடுக்கல."

மாஸ்டரை உயர்த்திப் பேசுவதாகத்தான் அக்கா நினைத்தார், பாவம். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காவும் ஏனென்று தெரியாமல் கூடவே சிரித்தார். அதைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. மாஜிஸ்ட்ரேட் அவரைப் பார்த்தார். "நான்தான் ஓட்டினேன்" என்று மாஸ்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அக்காவைக் கண்டித்து அனுப்பினார்கள். மாஸ்டரின் சொல்லிக்கொடுக்கிற உரிமத்தை ஆறு மாதத்துக்கு நிறுத்தினார்கள்.

திரும்பும்போது மாஸ்டர் ஓட்டினார். அவர் வழக்கமாக உட்காரும் பக்கம் அக்கா உட்கார்ந்தார். அங்கேயும் ஒரு பிரேக் உண்டு என்பதால், தெரியாமல் மிதித்துவிடக் கூடாதென்று காலை இழுத்து மடக்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், எங்கே தப்பாகச் சொன்னேன் என்று கேட்டார். ரெண்டாவது கியரில் வண்டி தொண்ணூறு போகாது என்று மாஸ்டர் பாடம் நடத்துகிற அதே குரலில் சொன்னார். அந்தக் குரலைக் கேட்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடடா. இது தெரிஞ்சிருந்தா மூணுன்னே சொல்லியிருப்பேன் மாஸ்டர். உங்க பொழப்பைக் கெடுத்துட்டேனே. மன்னிச்சுடுங்க."

மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டினார். அதற்குமேல் ரோடு தெரியவில்லை.