இரண்டு புள்ளி அதிகம்

வண்டியோடு வந்த ஆள் தம்பியின் இரண்டு காலிலும் எட்டாம் எண் ஷூவை மாட்டிவிட்டார். இடது பக்கம் தொளதொளவென்று ஆடியது. துணியைச் சுருட்டி அதற்குள் திணிக்கப் போனார்.

“அத எடுத்துடுங்க,” என்றாள் அக்கா. “அவனுக்கு அந்தக் கால் ஆறு. வலதுதான் எட்டு.”

“இப்ப போய் ஆறுக்கு எங்கம்மா போறது?”

“பரண்ல இருக்கு. எப்பவும் ரெண்டு ஜோடி வாங்குவான். ஜோடிக்கு ஒண்ணுதான் உபயோகம்.”

தம்பி மனைவி ஸ்டூல் போட்டு ஏறினாள். பரணில் பெட்டி பெட்டியாக மீந்த ஷூக்கள் கிடந்தன. எல்லாம் வலது ஆறும் இடது எட்டும். தூக்கிப் போடச் சொன்னால் தம்பி கேட்கமாட்டான். “உலகத்துல எங்கியாவது எனக்கு நேர் எதிரா ஒருத்தன் இருப்பான். என்னிக்காவது தேடி வருவான், வேணும்னா பாரு,” என்பான்.

அக்கா தானே குனிந்து இடது காலைக் கையில் எடுத்தாள். முப்பத்தொரு வருடமாக அவள் தொடாத கால். ஒரு காலத்தில் அதன் தசை ஒவ்வொன்றும் வீட்டு அறைகளைப் போல அவளுக்கு அத்துப்படி. இப்போது கெண்டைக்கால் அவளுடைய மணிக்கட்டு அளவுக்குத்தான் இருந்தது. பாதம் கீழ்நோக்கி இறுகிப்போயிருந்தது. நேற்று மதியம், நீச்சல் குளத்து அலுவலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் போனபிறகு வந்த விறைப்பு அல்ல இது. வெகுநாள் முன்பே வந்தது. நாற்பது வருடம் கால் பிடித்துவிடும் வேலை பார்த்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. தெரியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

என்மேல கோபமாடா உனக்கு? உயிரோடு இருந்தவரை கேட்காத கேள்வி. இப்போதும் வாய்வரை வந்து நின்றது. ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

நாலு வயதில் அவனுக்கு ஒரு ஜுரம் வந்தது. போகிறபோது இடது காலையும் கொண்டுபோயிற்று. அப்போது அக்காவுக்குப் பத்து வயது. அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்தால் அடுப்பு எரியாது. தண்ணீரில் விட்டுப் பாருங்கள் என்று ஒரு டாக்டர் போகிறபோக்கில் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனாள். இடுப்பிலிருந்து பாதம்வரை போகும் இரும்புச் சட்டத்தை, காலிப்பரை, கழற்றிப் படியில் சாய்த்துவைப்பாள். தரையில் நாலடி நடக்க மூச்சு வாங்குகிறவன் தண்ணீரில் மல்லாந்து படுத்ததும் ஊர்க் கவலை இல்லாதவன்போல மிதப்பான்.

“இவன முங்க விட்டு என் வேலைக்கு உலை வெச்சிடாதம்மா,” என்றார் குளத்துக் காவலாளி, முதல் நாள். மூன்றாம் மாதம் வருகிறவர்களையெல்லாம் அவரே நிறுத்தி, “நம்ம தவளையப் பாத்துட்டுப் போங்க,” என்றார். தவளை என்ற பெயர் அப்படி ஒட்டியது. வீடு முழுக்கக் குளோரின் வாசனை. ஈரத் தலையோடு தூங்கித் தூங்கி அவன் தலையணை உறைகளெல்லாம் நடுவில் வெளுத்துப்போயின. உறையைப் பார்த்தே அது யாருடையது என்று சொல்லிவிடலாம்.

நூறு மீட்டர் மல்லாக்க நீச்சல், ஏழாம் பிரிவு. மூன்று முறை சாம்பியன். ஊனமுற்றவர்களுக்கான போட்டியில், உடம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரிவு போடுவார்கள். எண் ஏற ஏறத் திடம் கூடுதல் என்று கணக்கு. முதல் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தான். காலைப் பார்த்து இடம் கொடுக்க எழுந்த ஒரு பெரியவர், கழுத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். “பாத்தியாக்கா, இவ்வளவுதான் சாம்பியனுக்கு மரியாதை,” என்று வழி நெடுகச் சிரித்தான். அக்கா அந்தச் சிரிப்பை இன்றைக்கும் அப்படியே கேட்பாள்.

இருபத்தேழு வயதில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அக்கா அதற்குள் படித்து, மருத்துவமனையில் பிசியோதெரபி வேலையில் இருந்தாள்.

“காலிப்பர் இல்லாம அவ பக்கத்துல நடக்கணும்க்கா. பத்தடி போதும்.”

எட்டு மாதம். பகலெல்லாம் மற்றவர்கள் காலைப் பிடித்துவிட்டு, சாயங்காலம் வந்து இவன் காலைப் பிடிப்பாள். கணுக்காலில் மணல் பை, பாதத்தின் அடியில் கட்டைவிரல், எண்ணெய், வெந்நீர். அவள் கட்டைவிரல் வீங்கி, வாரக்கணக்கில் பேனா பிடிக்க முடியாமல் போனது. ஒருநாள் பாதம் தானாக மேலே எழும்பியது. அம்மா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். இன்னொரு நாள் வாசலிலிருந்து சமையலறைவரை நடந்தே வந்தான். பதினோரு அடி. “ஒண்ணு கொசுறு,” என்றான்.

கல்யாணம் முடிந்த மாதத்திலேயே பிரிவு மறுபரிசோதனை வந்தது. மேசையில் படுக்கவைத்து, பாதத்தில் உள்ளங்கையைக் கொடுத்துத் தள்ளச் சொல்வார் டாக்டர். வலுவுக்குத் தக்க புள்ளி; புள்ளி கூடினால் மேல் பிரிவு. அந்தப் புள்ளிகள் அக்காவுக்கு மனப்பாடம். தான் செய்து வைத்திருக்கும் வேலை என்ன என்பது அந்த வராந்தாவில் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவுக்கு வெளியே அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“தவளை, தள்ளச் சொன்னா தள்ளாத. சும்மா வெச்சுக்கோ. போன தடவ மாதிரியே.”

அவன் அவளையே பார்த்தான். கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனான். வெளியே வந்தபோது இரண்டு புள்ளி அதிகம். எட்டாம் பிரிவு. அங்கே அவன் ஐந்தாவதாக வந்தான், அடுத்த வருடம் ஏழாவதாக. அதற்கடுத்த வருடம் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. பிறகு குளத்திலேயே மேற்பார்வையாளர் வேலை.

எட்டு மாதம் செய்த வேலை அவன் பிழைப்பைக் கெடுத்தது. கடைசி நேரத்தில் சொன்ன வார்த்தை அவன் முகத்தையும் திருப்பிவிட்டது. அக்கா இப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஷிப்ட் மாறிவிட்டது என்று ஒரு சாக்குச் சொல்லிச் சாயங்காலம் வருவதை நிறுத்தினாள். அவனும் “வாக்கா” என்று காலை நீட்டவில்லை. ஐந்தாம் வருடம் காலிப்பர் பரணிலிருந்து இறங்கியது. அன்று அவள் ஊரில் இல்லாததுபோல இருந்துகொண்டாள். மற்றபடி இரண்டு பேரும் எல்லாமும் பேசினார்கள். தண்ணீர் வராததும் அம்மா போனதும் அவன் மகள் படிப்பும். காலைப் பற்றி மட்டும் பேச்சு இல்லை.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒத்தைத் துடுப்பு வந்திருந்தார். இடது கை தோளோடு இல்லாதவர். சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தார். அதே ஏழாம் பிரிவு, எப்போதும் பக்கத்து லேன். அந்தப் பெயரை வைத்ததும் தம்பிதான். போனில்கூட அவர் அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார்.

தம்பியின் தலைமாட்டில் நின்று பார்த்தார்.

“முந்திட்டான் பாத்தீங்களாக்கா. தண்ணியிலதான் முந்தினான்னா இதுலயும் என்ன அவசரம்?”

அக்கா நாற்காலியைக் காட்டினாள். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“உங்களுக்காவது அப்புறம் தங்கம் கெடச்சுது,” என்றாள் அக்கா. சொல்ல நினைத்தது அதல்ல.

“அவன் எட்டுக்குப் போனதாலதானே? வருஷா வருஷம் நான் ஜெயிச்ச தேதிக்குப் போன் வரும். ‘டேய், என் தங்கத்தத் தொடச்சு வெச்சிருக்கியா? பாசி புடிச்சா உன்ன விடமாட்டேன்’பான்.”

அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“அன்னிக்கு நான்தான் அவன்கிட்ட தள்ளாதன்னு சொல்லி அனுப்பினேன். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

“எனக்குத் தெரியும்.”

“சொன்னானா?”

“பக்கத்து மேசையில படுத்திருந்தது நான்தானேக்கா. டாக்டர் சக்கரம் வெச்ச ஸ்டூல்ல உக்காந்திருந்தார். தள்ளுப்பான்னார். இந்தப் பய கண்ண மூடிட்டு ஒரு தள்ளு தள்ளினான் பாருங்க, மனுஷன் அப்படியே பின்னால உருண்டுபோய் அலமாரியில இடிச்சார். அலமாரி மேல இருந்த ஃபைலெல்லாம் தலையில.”

தம்பி மனைவி சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள்.

“போன வருஷம் இந்தக் கால்ல உசிரே இல்லையேப்பா, யாரு வேல இதுன்னு டாக்டர் கேட்டார். ‘எங்கக்கா’ன்னான். அவ்வளவுதான் சொன்னான். ஆனா தங்கம் வாங்கினப்பகூட அவன் மூஞ்சிய நான் அப்படிப் பாத்ததில்ல. வெளிய வந்து நான் திட்டினேன். முட்டாளாடா நீ, உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியேன்னேன். ‘அவ கட்டவெரலப் பாத்திருக்கியாடா நீ? அதப் பாத்துட்டுக் கால்ல பலம் இல்லன்னு எப்படிச் சொல்றது’ன்னான்.”

அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு, “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே,” என்றாள்.

“எப்படிச் சொல்லுவான்? நீங்கதான் கோபமா இருக்கீங்கன்னு நெனச்சுட்டிருந்தான். சொன்ன பேச்சக் கேக்காமத் தள்ளிட்டேன், அதான் அக்கா கால் பக்கமே வர்றதில்லன்னு. போய்க் கேளேன்டான்னா, வேணாம், அவளா வருவான்னுவான்.”

வெளியே வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். தம்பி மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே திரும்பிப் போனாள்.

“டாக்டர் கைய எப்படி வெச்சிருந்தார்?” என்றாள் அக்கா.

ஒத்தைத் துடுப்புக்கு முதலில் புரியவில்லை. பிறகு இருந்த ஒரு கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அக்கா தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

“இன்னும்,” என்றார். “இதுக்கும் மேல.”

அவள் இன்னும் அழுத்தினாள். கட்டைவிரல் ஓரம் வெளுத்தது. வண்டிக்கார ஆள் நேரமாகிவிட்டது என்று சொல்ல உள்ளே எட்டிப்பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார், வாசலுக்கே போய் நின்றுகொண்டார். ஒத்தைத் துடுப்பின் கை மெல்லப் பின்னால் போயிற்று, ஓர் அங்குலம், இரண்டு அங்குலம், நின்றது.

“இன்னும்க்கா,” என்றார்.